நாற்பத்து மூன்றரை மீட்டர்

எங்கள் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இரண்டே நாள் இருக்கும்போது, திடலில் கோடு போடப் பண்டக அறையில் வைத்திருந்த மூன்று மூட்டைச் சுண்ணாம்பும் கல்லாகிவிட்டது. கூரை ஒழுகியிருக்கிறது; யாரும் பார்க்கவில்லை. பள்ளிக் காவலரை நாங்கள் ஜாகா அண்ணன் என்றுதான் அழைப்போம். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், நம்பாதவளுக்கு நிரூபிப்பதுபோல் ஒரு மூட்டையை எட்டி உதைத்தார். மூட்டை அசையவில்லை. அண்ணன்தான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அந்தப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருபவள். பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனதும், கூட்டத்தில் தலைமையாசிரியை எங்களைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரும் கெட்டிக்காரத்தனமாகக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் அன்று இரவு என்ன சமைப்பது என்று யோசித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான், விளையாட்டுச் செயலாளர் ஆகிவிட்டேன்.

பள்ளி இருப்பது குருணில் பெரிய சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்துக்குள் பத்து நிமிடம் போனால் வரும் இடத்தில். சின்னப் பள்ளி. திடல் மட்டும் பெரியது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் கால்வாய், நடுவில் தோட்டத்து மாடுகள் நடந்து நடந்து போட்ட குழிகள். பொறுப்பு வந்ததிலிருந்து மாதக்கணக்காக அந்தக் குழிகளில் மணல் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். மாடுகளும் சளைக்கவில்லை.

கெடா மாநிலத்தில் எங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். பெற்றோர்கள் வரவேண்டும் என்று போட்டியைச் சனிக்கிழமை காலைக்கு வைத்திருந்தோம். சுண்ணாம்பு கல்லான விஷயம் வியாழன் மதியம் தெரிந்தது. குருண் கடைக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் சரக்கு வரும் என்றார்கள். பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன்.

இந்த விஷயத்தில் நான் கேட்டிருக்கவேண்டிய ஒரே ஆள் என் வீட்டிலேயே இருந்தார். என் கணவர் இளவயதில் செர்டாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பந்துக் குழுவில் இருந்தவர். இருந்தவர் என்றால் ஆடியவர் என்று நினைக்கவேண்டாம். இரண்டாவது கோல் கீப்பர். முதல் கோல் கீப்பருக்கு ஒருநாளும் காய்ச்சல் வரவில்லை. சும்மா நிற்கிறானே என்று இவரிடம் சுண்ணாம்பையும் கயிற்றையும் கொடுத்துத் திடலில் கோடு போடச் சொல்லிவிட்டார்கள். அதில் இவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆட்டம் முடிந்து எல்லாரும் யார் கோல் அடித்தது என்று பேசிக்கொண்டு போவார்கள். இவர் மட்டும் பெனால்டிக் கட்டத்தின் மூலை இன்னும் அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

எங்கள் அறிமுகமே அப்படித்தான். எனக்கு முதல் வேலை அந்தத் தோட்டப் பள்ளியில் கிடைத்தது. முதல் நாள், குறுக்கு வழி என்று நினைத்துத் திடலுக்குள் நடந்தேன். எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

"டீச்சர்! கோட்ட மிதிக்காதிங்க லா!"

குனிந்து பார்த்தேன். என் புதுச் செருப்பு முழுக்க ஈரச் சுண்ணாம்பு. அந்த ஆள் என்னைப் பார்க்கவேயில்லை. நான் அழித்த கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் அந்தச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அடுத்த ஆண்டு அவரையே கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் என்னைக் கிண்டல் செய்யவேண்டும் என்றால் டீச்சர் என்பார்.

பிறகு குருணில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து இங்கே வந்தோம். வீடு வாங்கினோம், மகளைப் படிக்கவைத்துப் பினாங்குக்கு வேலைக்கு அனுப்பினோம். இவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்தது. எங்கள் ஊரில் அது வராத வீடு எது? இவருக்கு இடது காலில் ஒரு சின்னப் புண். அதை இவர் மறைத்தார், நானும் பார்க்காமல் விட்டேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அது இந்த வியாழக்கிழமைக்குப் பதினான்கு மாதத்துக்கு முன்.

அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் மருத்துவமனைக்குத் தவிர வேறு எங்கும் போகவில்லை. கோவிலுக்கு வரவில்லை. தினமும் போய்வந்த தேநீர்க் கடைக்குப் போகவில்லை. மெர்கோங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. பொய்க்கால் ஒன்று செய்துகொடுத்தார்கள். அது படுக்கையறை மூலையில் துண்டு போர்த்திக்கொண்டு நின்றது. வீட்டுக்கு யாராவது வந்தால் மடியில் ஒரு தலையணையை எடுத்து வைத்துக்கொள்வார், கால் தெரியாமல் இருக்க. எங்கள் காடி, அதாவது கார், ஆட்டோ கியர். வலது கால் ஒன்றே அதற்குப் போதும், நீங்கள் தாராளமாக ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார். தொங்காட்டை ஊன்றியாவது நடக்காவிட்டால் அந்த வலது காலுக்கும் உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார். தொங்காட் என்று நாங்கள் சொல்லும் ஊன்றுகோல் இரண்டும் கதவுக்குப் பின்னால் புதுசு கலையாமல் இருந்தன.

நான் திட்டினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த மனிதர் வாசலைத் தாண்டவேண்டும். தாண்டாவிட்டால் இன்னொரு காலும் போகும், பிறகு ஆளே போய்விடுவார் என்ற பயம் எனக்கு. சாப்பிடும்போதுகூட அந்தப் பயம் விடவில்லை.

அன்று போனில் கேட்டேன்.

"என்னங்க, சுண்ணாம்பு எல்லாம் கல்லாப் போச்சு. வேற எத வெச்சிக் கோடு போடலாம்?"

பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். "எனக்கு என்னா தெரியும்? வேற யாரையாச்சும் கேளு."

வைத்துவிட்டார். எனக்குச் சுரீர் என்றது. வேறு யாரையாவது கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன். இந்த இடத்தில் என் கோபம் என்னைக் கொண்டுபோய்த் தள்ளிய குழிக்கு நான் மட்டுமே பொறுப்பு.

பெற்றோர் சங்கத்தில் ஒரு அக்கா இருக்கிறார். சொந்தமாக வேன் வைத்து, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குபவர். எதற்கும் அசராதவர். அவரிடம் சொன்னேன்.

"கோடு தானே டீச்சர்? நாம போடாத கோடா? கோல மாவு இருக்கே."

"எல்லார் வீட்லயும் இருக்குமா?"

"கோல மாவு இல்லாட்டி அரிசி மாவு. அது இல்லாத வீடு உண்டா?"

அன்று மாலை பதினைந்து பெண்கள் வந்தார்கள். கையில் கிண்ணம், டப்பா, ஒருவர் பக்கெட்டே கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் கயிற்றை இழுத்துக் கட்டினோம். கயிற்றை ஒட்டி அவர்கள் குனிந்து மாவை இழுத்துக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஒரு விரல் அகலம்கூட இங்கே அங்கே விலகவில்லை. தொடக்கக் கோட்டின் இரண்டு பக்கமும் யாரோ தாமரை போட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வளைவுகளைக் கண்மதிப்பில் போட்டோம். ஒரு முனை முட்டை போலவும் மறுமுனை அடியில் ஒட்டிய தோசை போலவும் வந்தது. இருந்தாலும் மொத்தத்தில் திடல் மார்கழி மாதத்து வாசல் போல இருந்தது. தலைமையாசிரியை படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இதயங்கள் வந்து குவிந்தன.

வீட்டுக்குப் போய்ப் படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். வேறு ஆள் கிடைத்தார்கள் பார் என்று காட்டத்தான். அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்னா மாவு இது?"

"அரிசி மாவு. ஏன், நல்லா இல்லியா?"

அவர் உதடு லேசாகத் துடித்தது. "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேலி செய்கிறார் என்று மட்டும் புரிந்தது. எதற்கு என்று கேட்க என் கௌரவம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது ஜாகா அண்ணன் போன் செய்தார்.

"டீச்சர், கோடு எல்லாம் கறுப்பா இருக்கு."

"கறுப்பாவா? யார் பெயிண்ட் அடிச்சது?"

"பெயிண்ட் இல்ல டீச்சர். அது நகருது."

வேன் அக்காவே வந்து என்னை ஏற்றிக்கொண்டார். பின்னால் நாலைந்து விளக்குமாறுகளோடு அவர் வீட்டு ரப்பர் குழாயும் கிடந்தது. அதனால் அன்று எங்கள் காடி வீட்டு வாசலிலேயே நின்றது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திடலுக்குப் போய்ப் பார்த்தால், ஜாகா அண்ணன் சொன்னது உண்மை. ஓடுகளம் நெடுக எறும்பு. கறுப்பெறும்பு பாதி, கடிக்கிற சிவப்பெறும்பு பாதி. இவ்வளவு எறும்பு கெடாவில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தாமரை இருந்த இடத்தில் மைனாக்கள். தோட்டத்து வீடுகளிலிருந்து கோழிகள் குஞ்சுகளோடு வந்து, தோசை வளைவை அனேகமாக முடித்துவிட்டிருந்தன. வாசலில் போடுகிற மாவை எறும்பு தின்னட்டும் என்றுதானே நம் வீட்டில் போடுகிறார்கள்? பதினைந்து பெண்கள், ஒரு தமிழாசிரியை. எங்களில் ஒருத்திக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை. மறுநாள் பிள்ளைகள் அந்தக் கோட்டுக்கு நடுவே ஓடவேண்டும். பாதிப் பேர் வெறுங்காலில் ஓடுகிறவர்கள்.

அப்படியே புல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலும் எறும்பு. எழுந்து குதித்துவிட்டு, வேறு வழி தெரியாமல் அவருக்கு வீடியோ கால் போட்டேன்.

முகத்தைப் பார்த்ததும் கேட்டார். "என்னா, எறும்பு தின்னுருச்சா?"

"தெரிஞ்சே சொல்லாம இருந்திங்களா?"

"நீ கேக்குற மாதிரியா வந்து நின்ன?"

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு தோள் குலுங்கக் குலுங்க. கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பதினான்கு மாதமாக நான் கேட்காத சத்தம் அது. எனக்கு அவர்மேல் எரிச்சலாகவும் இருந்தது, அந்தச் சிரிப்பு நின்றுவிடக்கூடாது என்றும் இருந்தது. அதனால் கோழிகளையும் காட்டினேன்.

சிரித்து முடித்ததும் குரல் மாறிவிட்டது.

"சரி, பாடாங்க முழுசாக் காட்டு. ஆகாயத்தக் காட்டாத, தரையக் காட்டு."

நான் போனைத் தூக்கிக்கொண்டு திடல் முழுக்க நடந்தேன். அவர் சொல்லச் சொல்ல வேலை நடந்தது. முதலில் கூட்டச் சொன்னார், பிறகு தண்ணீர் அடிக்கச் சொன்னார். தின்ன ஒன்றும் இல்லாவிட்டால் எறும்பு சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடும் என்றார். பழைய கோட்டின்மேல் போடாமல் ஒரு முழம் உள்ளே தள்ளிப் போடவேண்டும்.

"எத வெச்சிப் போட? சுண்ணாம்பு ஞாயித்துக்கெழமதான்."

"தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு பெயிண்ட் அடிச்சாங்கல்ல? மிச்சம் எங்க? எல்லார் வீட்டுப் பின்னாலயும் டின்னுல கெடக்கும். தண்ணில கரையுற பெயிண்ட் மட்டும் எடு. எண்ணெ பெயிண்ட் வேணாம், புல்லு செத்துரும். ஒரு பங்கு பெயிண்ட்டு, மூணு பங்கு தண்ணி."

வேன் அக்கா ஒரு சுற்றுப் போய், டின்களோடு ஐந்தாறு பெண்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வெள்ளை இரண்டு டின், பால் நிறம், இளஞ்சிவப்பு, மாம்பழ மஞ்சள், இளம்பச்சை. பச்சைப் புல்லில் பச்சைக் கோடு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அதைக் கொடுத்தவர் முகம் வாடிவிட்டது. சமாதானப்படுத்த அந்தப் பெயிண்டைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடிப்பதாக வாக்குக் கொடுத்தேன். சமையல் எண்ணெய்ப் புட்டியின் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, அதில் கலவையை ஊற்றிக் கவிழ்த்தால் விரல் அகலத்துக்குக் கோடு விழும். தொடக்கக் கோடு கோணாமல் வர, கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து மீட்டரில் முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுக்கச் சொன்னார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வரும் மூலை எப்போதும் சரியாக இருக்கும். மூலைக்கு மூலை ஒரு சோடா மூடியை ஆணியோடு சேர்த்துத் தரையில் அடித்துவிட்டால் அடுத்த ஆண்டு தேடவேண்டாம். சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேர் நீளக் கயிற்றைப் புல்மேல் இழுத்துக்கொண்டு நடந்தால் பனி உதிர்ந்துவிடும், பிள்ளைகள் வழுக்கி விழமாட்டார்கள். இந்த மனிதர் இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பதினான்கு மாதம் சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாடாங்குக்கு எரநூறு மீட்டர் ட்ராக்குதான் தாங்கும். நேர்க்கோடு நாப்பத்து மூணற. வளைவுக்குப் பதினெட்டு மீட்டர் கயிறு. நடுவுல ஒரு குச்சி அடி, கயித்த அதுல கட்டு, சுத்தி வா. கண்மதிப்பு கிண்மதிப்பு வேணாம்."

இரண்டு நேர்க்கோடுகளையும் அளந்து போட்டுவிட்டோம். வளைவில்தான் சிக்கிக்கொண்டோம். ஒரு வாரமாகப் பெய்த மழையில் தரை களி மாதிரி இருந்தது. குச்சியை அடித்துக் கயிற்றை இழுத்தால், குச்சி பிடுங்கிக்கொண்டு கூடவே வந்தது. இரும்புக் கம்பி அடித்தோம். சாய்ந்தது. ஜாகா அண்ணன் போய் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்தார். ஐந்து பெண்கள் மறுமுனையை இழுத்ததும் ஐயோ என்று நாலடி முன்னால் வந்துவிட்டார். அவர் ஒல்லி. அதோடு மூட்டையை உதைத்ததில் அவர் கால் கட்டைவிரல் வேறு வீங்கியிருந்தது.

"கெட்டியா ஒண்ணு வேணும். அசையாதது. அங்க என்னா இருக்குன்னா..." என்று போனில் என் கணவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்துவிட்டது. தோட்டத்துக்குள் அது சகஜம். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டேன். எடுக்கவில்லை. களைத்துவிட்டார், தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாரே என்று இருந்தது. நான் கத்தியது எல்லாம் ஜாகா அண்ணன்மேல். பாவம், அவர் பொறுத்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். செம்பனைகளுக்கு நடுவே மண் சாலையில் ஒரு காடி மெதுவாக வந்தது. மாட்டு வண்டி வேகம். எங்கள் காடி மாதிரியே இருக்கிறதே என்று பார்த்தேன். எண்ணும் எங்கள் எண்தான். யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. திருடன் ஏன் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு வரவேண்டும் என்று யோசிக்கக்கூட முடியவில்லை எனக்கு.

காடி பள்ளி வாசலில் நிற்காமல் திடல் ஓரம்வரை வந்து நின்றது. கதவு திறந்தது. முதலில் இரண்டு தொங்காட், பிறகு வலது கால், பிறகு அவர். அரைக்கால் சட்டை போட்டிருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது ஊர் பார்க்கத் தெரிந்தது. மடியில் தலையணை இல்லை.

நான் ஓடப்போனேன். வேன் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நில்லுங்க டீச்சர். அவரே வரட்டும்."

அவர் ஈரப் புல்லில் தொங்காட்டை ஊன்றினார். இப்போது புதையும், இப்போது விழுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். புதையவில்லை. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு தொங்காட்டின் அடியிலும் இரண்டு ரப்பர் செருப்பு. சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தார். இரண்டும் இடது கால் செருப்பு. கால் போனபின் நான் வாங்கிக்கொடுத்த ஒவ்வொரு ஜோடியிலும் இடதை அவர் கட்டிலுக்கடியில் ஒதுக்கி வைத்திருந்தார். நான் அதைப் பெருக்கும்போதெல்லாம் பார்ப்பேன், எடுத்து எறிய மனம் வராமல் திரும்ப உள்ளே தள்ளுவேன். முக்கால் மணி நேரம் போனை எடுக்காமல் அவர் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

"புதையாம இருக்கவா?" என்று கேட்டேன்.

"நான் புதைஞ்சா என்னா? குச்சி பாடாங்குல ஓட்ட போட்டுரும்ல. நாளைக்குப் புள்ளைங்க கால் மாட்டும்."

தன்னை விழாமல் காத்துக்கொள்ள ஒரு செருப்புக் கட்டாத மனிதர், புல்லுக்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தேன்.

ஜாகா அண்ணன் சிவப்பு நெகிழி நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். வளைவின் மையத்தில் அதைப் போட்டோம். கால்கள் புதையாமலிருக்க அடியில் ஒரு பலகை. அவர் உட்கார்ந்து, கயிற்றின் முனையை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம்பது கிலோ குச்சி. இழுத்துப் பாருங்க!"

ஐந்து பெண்கள் இழுத்தார்கள். அவர் அசையவில்லை. கயிற்றில் பதினெட்டு மீட்டரில் ஒரு முடிச்சு, அதிலிருந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு, ஆக ஐந்து. ஒவ்வொரு முடிச்சிலும் ஒருத்தி, ஒவ்வொருத்தி கையிலும் ஒரு நிறப் புட்டி. தேர் வடம் பிடிப்பதுபோல் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அவரைச் சுற்றி நடந்தோம். கடைசி முடிச்சில் நான், பால் நிறத்தோடு. எங்கள் கூடத்துச் சுவரின் நிறம் அது. நாங்கள் நடக்க நடக்க அவர் நாற்காலியிலேயே இடுப்பைத் திருப்பி எங்களைத் தொடர்ந்தார். "நாலாவது அக்கா, புட்டிய அமுக்காதிங்க, அதுவா விழட்டும்!" "டீச்சர், பின் தங்காத!" பதினான்கு மாதம் நான் அவரைச் சுற்றி வந்தபோதெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று என்னையே பார்த்தார்.

வளைவு முடிந்து நேர்க்கோட்டில் போய்ச் சேர்ந்தது. ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. பெண்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடுகளத்துக்கு இரண்டு முனை. அந்தப் பக்கமும் ஒரு மையம் வேண்டும்.

அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"காடிய எடுத்துட்டு வரட்டுமா?" என்றார் ஜாகா அண்ணன்.

"பாடாங்குக்குள்ள காடியா? என்னாண்ண நீங்க?"

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று வேன் அக்கா சொன்னார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தொங்காட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார்.

நேர்க்கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் ஒரு மையத்திலிருந்து மறு மையத்துக்கு. அதை நான்தான் காலையில் நாடாவைப் பிடித்து இரண்டு முறை அளந்தேன். நாற்பத்து மூன்றரை மீட்டர். கால் போனபின் அவர் அதிகமாக நடந்த தூரம், சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து குளியலறை. இப்போது காடியிலிருந்து இந்த நாற்காலி. அதற்கே சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

ஜாகா அண்ணன் நாற்காலியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு முன்னால் போய் மறு மையத்தில் வைத்துவிட்டு நின்றார். அவர் இரண்டு செருப்பையும் முன்னால் வைத்தார், உடம்பைத் தூக்கினார், வலது காலை வைத்தார். மறுபடி. பத்து மீட்டரில் ஒரு முறை நின்றார். இருபதில் ஒரு முறை. முப்பதுக்கு முன்னால் ஒரு மாட்டுக் குளம்புக் குழி, மணல் போட்டு நான் நிரப்பியது. அதைத் தொங்காட்டால் தட்டிப் பார்த்தார். "நல்லாப் போட்டிருக்க," என்றார், திரும்பாமல். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

நான் அவருக்குப் பக்கத்தில் நடக்கவில்லை. அவருக்கு இணையாக, கோட்டுக்கு வெளியே, கையில் கயிற்றுச் சுருளோடு நடந்தேன். என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். குலதெய்வத்துக்கு ஒன்று, குருண் மாரியம்மனுக்கு ஒன்று, விழாமல் இருந்தால் இனிமேல் திட்டமாட்டேன் என்று ஒன்று. மூன்றாவதை நான் காப்பாற்றவில்லை. மற்ற இரண்டையும் செய்துவிட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. வலது கால் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது, அதைக் கையால் பிடித்து அமர்த்தினார். பிறகு எங்களைப் பார்த்துக் கையை நீட்டினார், கயிற்றைக் கொடுங்கள் என்று.

எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. அழுதுகொண்டே அவரை நோக்கி நேராக நடந்தேன்.

"டீச்சர்! கோட்ட மிதிக்காதிங்க லா!"

நின்று குனிந்து பார்த்தேன். பால் நிறம், மஞ்சள், இளஞ்சிவப்பு, இரண்டு வெள்ளை, ஐந்து கோட்டையும் மிதித்து அழித்துக்கொண்டு வந்திருந்தேன். என் செருப்பில் ஐந்து வீட்டுத் தீபாவளி இருந்தது. இந்த முறை அவர் கோட்டைப் பார்க்கவில்லை.

அந்தச் செருப்பை நான் இன்னும் கழுவவில்லை.